அத்லெட்டிக் டிரெய்னர் படிப்பு (அமெரிக்கா)

விளையாட்டு வீரருக்குக் காயம் வராமல் காப்பது, வந்தால் மைதானத்திலேயே முதலில் பார்ப்பது, தேறி மறுபடி ஆடும்வரை கூடவே இருப்பது: இதுதான் அத்லெட்டிக் டிரெய்னரின் வேலை. ஆட்டம் சொல்லித்தரும் கோச் வேறு, இவர் வேறு.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் அமெரிக்க ஃபுட்பால் அணியின் உடல்தகுதியைக் கவனிக்க 1881-இல் ஜேம்ஸ் ராபின்சனை அமர்த்தியதிலிருந்து இந்தத் தொழிலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அன்று படிப்பு என்று ஒன்று கிடையாது. மூத்தவர் செய்வதைப் பார்த்துக் கற்றார்கள். சாமுவேல் பிலிக் என்பவர் எழுதிய கையேடு 'டிரெய்னர்களின் பைபிள்' என்று பெயரெடுத்தது. கன்சாஸில் தைலம் தயாரித்து விற்ற கிராமர் சகோதரர்கள் பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். பல்கலைக்கழகங்களை வியாபாரிகள் முந்திக்கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

டிரெய்னர்களின் தேசியச் சங்கம் 1950-இல் கன்சாஸ் சிட்டியில் உருவானது. பர்டூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் நியூவெல் தலைமையிலான குழு வகுத்த பாடத்திட்டம் 1959-இல் சங்கத்தின் ஒப்புதலைப் பெற்றது. அதில் ஒரு நடைமுறை புத்தி இருந்தது: மாணவர் பள்ளி ஆசிரியர் தகுதியையும் சேர்த்துப் பெறவேண்டும். டிரெய்னர் வேலைக்கென்றே தனிச் சம்பளம் கொடுக்க அன்றைய பள்ளிகளுக்கு எங்கே வசதி? 1969-இல் முதன்முறையாக நான்கு பல்கலைக்கழகங்களின் படிப்புகள் அங்கீகாரம் பெற்றன; அடுத்த ஆண்டே சான்றிதழ்த் தேர்வும் வந்தது.

இது கைத்திறன் சார்ந்த படிப்பு. கணுக்காலுக்கு டேப் போடுவதையே பாருங்கள்: காலின் மேற்பகுதியில் பிடிப்புக்கான சுற்று, பிறகு குதிகாலுக்கு அடியில் அங்கவடி போல இறங்கி ஏறும் பட்டைகள், கடைசியில் குதிகாலைப் பூட்டும் சுற்று. டேப்பில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் ஆட்டத்தின் நடுவில் கொப்புளம் வரலாம். அதனால்தான், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வெளியே பல நூறு மணி நேரம் உதவியாளராக உழைத்துத் தேர்வெழுதும் மாற்றுவழி 2004 வரை செல்லுபடியானது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-இல் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. முதுநிலைப் பட்டமே நுழைவுத் தகுதி என்ற முடிவு 2015-இல் வந்தது. 2022-க்குப் பின் இளநிலைப் படிப்பில் புதிய சேர்க்கை இல்லை. மதிப்பு கூடியது உண்மை; கூடுதல் ஆண்டுகளின் கட்டணம் மாணவர் தலையில் விழுந்ததும் உண்மை. தேர்வில் தேறியவர் தாம் வேலைபார்க்கும் மாநிலத்தின் உரிமத்தையும் வாங்கவேண்டும். விதிவிலக்கு கலிபோர்னியா: 2024 நிலவரப்படி அங்கே அப்படியொரு சட்டமில்லை; இந்தப் படிப்பே படிக்காதவரும் அத்லெட்டிக் டிரெய்னர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம்.