பினாங்கில் மேலாள் தவணை

பினாங்கில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கடைகளின் மேலாட்களுக்குப் பணித் தவணை பொதுவாக 3 ஆண்டுகள். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்க, அவர்கள் பினாங்குத் தெருவில் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளில் தங்கித் தொழில் பார்த்தனர். 1857இல் தண்ணீர்மலைச் சாலையில் எழுந்த தண்டாயுதபாணி கோயில் இவர்களின் பொது இடமாக விளங்கியது.

தவணையின் கடைசி நாட்கள் ஒப்படைப்பில் கழிந்தன. ஊரிலிருந்து வந்த புதிய மேலாளிடம் பேரேடு, கடன் பத்திரங்கள், அடமான ஆவணங்கள், கைரொக்கம் அனைத்தும் கைமாறின, ஐந்தொகை சரிபார்க்கப்பட்டது. எவர் நாணயமானவர், எந்தக் கடன் வாராது என்பதையும் புதியவர் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் பழையவர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார். ஊரில் முதலாளி கணக்கைப் பார்த்த பிறகே லாபத்தில் பங்கு கிடைத்தது.

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு இந்தப் பயணிகள் கப்பல் வழியும் முடிவுக்கு வந்தது.