ரோமுலஸ் விட்டேக்கர்

ரோமுலஸ் ஏர்ல் விட்டேக்கர் (பிறப்பு: மே 23, 1943) அமெரிக்காவில் பிறந்து, இந்தியாவில் குடியேறி, இந்தியக் குடியுரிமை பெற்ற ஊர்வனவியலாளரும் காட்டுயிர்ப் பாதுகாவலரும் ஆவார். சென்னைப் பாம்புப் பண்ணை, வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணை, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஆகியவை தோன்ற முதன்மைக் காரணமாக இருந்தவர். பாம்பு மனிதர் என்று பரவலாக அறியப்படுகிறார். 2018 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மசிறீ விருதைப் பெற்றார்.

இவரைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் முதலைகளையும் பாம்புகளையும் பற்றியே பேசுகின்றன. எனினும், வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒருவரால் ஓர் ஊர்ச் சமூகத்தின் வாழ்க்கை எவ்வாறு மாறியது என்பதற்கும் இவரது பணி நல்ல எடுத்துக்காட்டாகும். அம்மாற்றத்தைச் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் சமூகத்தில் காணலாம்.

இளமைக் காலம்

விட்டேக்கர் நியூயார்க்கில் பிறந்தார். இவரது தாயார் டோரிஸ் நார்டன் ஓர் ஓவியர். அவர் பின்னர் ராமா சட்டோபாத்யாயா என்பவரை மணந்தார். ராமா, கவிஞர் அரிந்திரநாத் சட்டோபாத்யாயாவுக்கும் விடுதலைப் போராட்ட வீராங்கனை கமலாதேவிக்கும் மகனாவார். 1951 இல் குடும்பம் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தது. விட்டேக்கர் பள்ளிப் படிப்பைக் கொடைக்கானலில் பயின்றார். விடுதியில் தம் கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பை வளர்த்து வந்ததாக அவரே பலமுறை கூறியுள்ளார்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா திரும்பிய அவர், கல்லூரிப் படிப்பில் நிலைக்கவில்லை. புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திய பாம்புப் பண்ணையில் பணிபுரிந்து, நஞ்சு எடுக்கும் முறையைக் கற்றார். வியட்நாம் போரின்போது கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். 1967 இல் இந்தியாவுக்கு மீண்டும் வந்து இங்கேயே தங்கிவிட்டார்.

பாம்புப் பண்ணையும் முதலைப் பண்ணையும்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972 இல் கிண்டிக்கு மாற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது எனப்படுகிறது. பாம்பைக் கண்டால் அடிப்பது அல்லது கும்பிடுவது என்ற இரண்டு வழக்கங்களே இருந்த ஊரில், நின்று பார்த்து அடையாளம் அறிந்துகொள்ளும் மூன்றாவது பழக்கத்தை இப்பண்ணை ஏற்படுத்தியது எனலாம். இதே காலத்தில் சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து சென்று கடலாமை முட்டைகளைக் காக்கும் பணியும் தொடங்கியது. கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் இதில் முன்னோடியாக விளங்கினார்.

1976 இல் விட்டேக்கரும் அவரது அந்நாளைய மனைவி சாய் விட்டேக்கரும் வேறு சிலரும் சேர்ந்து முதலைப் பண்ணையை நிறுவினர். இது கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரம் செல்லும் வழியில், இன்றைய திருப்போரூர் வட்டத்தில் அமைந்துள்ளது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியல் ஆகிய மூன்று இந்திய இனங்களைப் பெருக்கிக் காடுகளில் விடுவதே இதன் நோக்கமாகும். சதுப்புநில முதலையைப் பொறுத்தவரை இம்முயற்சி அளவுக்கு மீறி வெற்றி பெற்றது. விடுவதற்கு நீர்நிலைகள் இல்லாமற் போனதால் பண்ணையே நிரம்பியது. 2022 இல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு மையத்திற்கு அனுப்ப ஏற்பாடானது. இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இருளர்

இருளர் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளுள் ஒருவர். மிக நலிந்த பழங்குடிக் குழுக்களின் பட்டியலிலும் இடம்பெற்றவர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டச் சமவெளிகளில் இவர்கள் வாழ்கின்றனர். சில இடங்களில் வில்லியர் என்றும் அழைக்கப்படுவர். கன்னியம்மனை வழிபடுகின்றனர். மாசிமக நாளில் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் குடிலமைத்துத் தங்கி, அங்கேயே திருமணங்களையும் நடத்துவது இவர்களின் வழக்கம். செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக அகப்பட்டு மீட்கப்பட்டவர்களுள் இவர்கள் மிகப் பலர்.

வயல் வரப்பில் எலி வளையைக் கண்டு பிடிப்பதிலும், பாம்பின் தடத்தையும் எச்சத்தையும் சட்டையையும் வைத்து அது எந்தப் புற்றில், எந்த வளையில் இருக்கும் என்று கூறுவதிலும் இருளர் தனித் திறன் வாய்ந்தவர்கள். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை, இவ்வளவே கருவிகள். ஆனால் இத்திறன் நெடுங்காலம் தோல் வணிகர்களுக்கே பயன்பட்டது. இலட்சக்கணக்கான பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாயின. பிடித்தவருக்குக் கிடைத்ததோ சில்லறைக் காசு. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1976 இல் விதிக்கப்பட்ட தோல் ஏற்றுமதித் தடையும் இவ்வணிகத்தை நிறுத்தின. பாம்புகளுக்கு இது நன்மையாக முடிந்தது. இருளருக்கோ தெரிந்த ஒரே தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. இத்தடையை வரவேற்றவர்களுள் விட்டேக்கரும் ஒருவர். இருளரோடு காடுமேடு அலைந்து அவர்களிடம் பாம்பு பிடிக்கக் கற்றவரும் அவரே.

கூட்டுறவுச் சங்கம்

பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்பதே கண்டறியப்பட்ட வழி. மியாமியில் கற்ற முறையும் இருளரின் வேட்டையறிவும் இங்கு இணைந்தன. 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதலைப் பண்ணை வளாகத்திலேயே இது இயங்குகிறது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 350 பேர். பெண்களும் இதில் உண்டு.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களை மட்டுமே பிடிக்க வனத்துறை அனுமதி அளிக்கிறது. எத்தனை பாம்புகள், எந்தெந்த மாவட்டங்களில் என்பதும் அனுமதியில் வரையறுக்கப்படும். கொண்டுவரப்பட்ட பாம்புகள் மணல் இட்ட மண்பானைகளில் வைக்கப்பட்டு, வாய் துணியால் கட்டப்படும். வாரத்திற்கு ஒருமுறை, ஏறத்தாழ நான்கு முறை நஞ்சு எடுக்கப்படும். மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைப் பாம்பு கடிக்கும்போது நஞ்சு உள்ளே சொட்டும். பின்னர் அது உறைநிலையில் உலர்த்தப்பட்டுத் தூளாக்கப்படும். வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டப்பட்டு, பாம்பு மீண்டும் காட்டில் விடப்படும். அடையாளமுள்ள பாம்பு மறுபடி பிடிபட்டால் உடனே தெரிந்துவிடும். பார்வையாளர்கள் இப்பணியைக் காணவும் ஏற்பாடு உண்டு.

இத்தூளே நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. குதிரைகளுக்குச் சிறுசிறு அளவில் நஞ்சைச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்து செய்வர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020 இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. விட்டேக்கர் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். உயிர் பிழைத்தோர் பலரின் உடலில் ஏறிய மருந்தின் மூலப்பொருள் வடநெம்மேலிப் பானைகளிலிருந்து வந்தது என்பதை மருத்துவர்களே பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

சங்கத்தைச் சுற்றி வேறு பணிகளும் வளர்ந்தன. 1980களில் வயல் எலிகளைப் பிடிக்கும் திட்டம் ஒன்றும் நடைபெற்றது. 1986 இல் சாய் விட்டேக்கரின் முன்முயற்சியில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இயங்கும் இச்சங்கம் மூலிகை வளர்ப்பிலும் நாட்டு மருந்து தயாரிப்பிலும் ஈடுபடுகிறது. பாம்பு பிடித்தல் ஆண்களின் அறிவாகவே வெளியில் தெரிந்த காலத்தில், செடி கொடிகளைப் பற்றிய பெண்களின் அறிவுக்கும் இது மதிப்பளித்தது.

குறைகளும் விவாதங்களும்

நஞ்சின் சேர்க்கை ஊருக்கு ஊர் மாறுபடும். தமிழ்நாட்டின் வட மாவட்டப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, நாட்டின் பிற பகுதிப் பாம்புகளுக்கு எதிராக அதே அளவு செயற்படுவதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. இது புதிய செய்தி அன்று. பிரேசில் நாட்டு மருத்துவர் வித்தால் பிரசில், ஆசிய நல்ல பாம்பின் நஞ்சுக்கெனப் பிரான்சு நாட்டவர் கால்மெட் 1890களில் உருவாக்கிய மருந்து தம் நாட்டுப் பாம்புகளுக்குப் பயன்படாது என்று காட்டியிருந்தார். 1901 இல் சாவோ பாவுலோ நகரில் தோன்றிய புத்தாந்தான் நிறுவனம் அவரது தலைமையில், உள்ளூர் உழவர்கள் அனுப்பிய பாம்புகளிலிருந்தே மருந்து செய்தது. பாம்பு அனுப்பியவருக்கு மாற்றாக மருந்து வழங்கப்பட்டது. இந்தியாவிலும் வட்டாரந்தோறும் நஞ்சு சேகரிக்கப்பட வேண்டும் என விட்டேக்கர் வலியுறுத்தி வந்துள்ளார். அவ்வாறு நடந்தால் வடநெம்மேலிச் சங்கத்தின் சந்தை சுருங்கக்கூடும் என்பது எளிதில் தீராத சிக்கல்.

ஆண்டுதோறும் வேண்டிய அரசு அனுமதி தாமதமானால் உறுப்பினர்களின் வருவாய் பாதிக்கப்படுகிறது. வேட்டைக்களமும் சுருங்கி வருகிறது. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் முன்பு வயலும் ஏரிப் புறம்போக்கும் முட்புதரும் இருந்த இடங்கள் இன்று மனைகளாகிவிட்டன. மழைக்காலத்தில் அங்கு வீடுகளுக்குள் பாம்பு நுழைவது வழக்கமான செய்தி. பாம்பு இருந்த இடத்தில்தான் வீடு வந்தது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

மற்றொரு விவாதம் புகழ் யாருக்கு என்பது. ஆங்கில இதழ்களில் இக்கதை பெரும்பாலும் ஒரு வெள்ளையர் பழங்குடிகளை மீட்ட கதையாகவே எழுதப்பட்டு வந்தது. பாம்பைத் தேடிப் பிடிக்கும் அறிவு முழுவதும் இருளருடையதே. விட்டேக்கர் கொண்டுவந்தவை நஞ்செடுக்கும் நுட்பமும், அலுவலகங்களில் ஏறி இறங்கும் பொறுமையும், அவ்வறிவுக்குச் சட்டப்படியான ஒரு விலையும் ஆகும். இருளரிடமிருந்தே தாம் கற்றதாக அவரும் கூறி வந்துள்ளார்.

புளோரிடாவில் இருளர்

புளோரிடாவின் சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, உள்நாட்டு விலங்குகளை அழித்து வந்தன. அவற்றைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர் 2017 சனவரியில் அங்கு வரவழைக்கப்பட்டனர். புளோரிடா பல்கலைக்கழகமும் அம்மாநில வனவுயிர் ஆணையமும் இதற்கு ஏற்பாடு செய்தன. ஓரிரு வாரங்களுக்குள்ளேயே அவர்கள் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. விட்டேக்கர் இளமையில் தொழில் கற்ற அதே மாநிலத்திற்கு, அரை நூற்றாண்டுக்குப் பின் இருளர் கற்பிக்கச் சென்றனர். 2023 இல் இவ்விருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

எழுத்தும் பிற பணிகளும்

அசோக் கேப்டனுடன் இணைந்து விட்டேக்கர் எழுதிய இந்தியப் பாம்புகள் பற்றிய கள வழிகாட்டி 2004 இல் வெளிவந்தது. கருநாகம் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 1998 இல் எம்மி விருது பெற்றது. 2005 இல் கர்நாடகத்தின் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். எழுத்தாளர் ஜானகி லெனினுடன் செங்கல்பட்டு அருகே ஒரு பண்ணையில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். ஜானகியின் நகைச்சுவை ததும்பும் கட்டுரைகளில் அப்பண்ணையும் அதன் அழையா விருந்தாளிகளும் இடம்பெற்றுள்ளனர். சாய் விட்டேக்கர் இருளர் சிறுவன் ஒருவனைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு எழுதிய காளியும் சாரைப்பாம்பும் பற்றிய குழந்தைகள் கதை, பள்ளியில் தனித்து நிற்கும் பழங்குடிப் பிள்ளைகளின் நிலையை எளிமையாகக் காட்டுகிறது.