தோட்டப் பாடசாலையும் காலைப் பிரார்த்தனையும்

நாம் பயின்றது ஒரு கிறித்தவ மிஷன் பாடசாலையில். காலையில் மணி அடித்ததும் உபாத்தியாயர் முன்னே வந்து நிற்பார், கண்களை மூடுமாறு பணிப்பார், பிரார்த்தனை தொடங்கும். சைவப் பிள்ளைகளாகிய நாம் உதட்டை மட்டும் அசைத்து, உள்ளத்தில் முருகனை நினைத்துக்கொள்வோம். நம்மை ஒருவரும் வற்புறுத்தியதில்லை. விரும்பாதவர் விலகி நிற்கலாம் என்ற அனுமதியும் இருந்தது. ஆயினும், அத்தனை ஆண்டுகளில் ஒருவரும் விலகி நின்றதில்லை. அனுமதி இருந்தும் ஏன் நிற்கவில்லை என்ற வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. 1841இல் அமைந்த மத்திய பாடசாலைக் குழு, அரசாங்கப் பாடசாலைகளின் முதல் மணி நேரத்தைக் கிறித்தவ போதனைக்கென ஒதுக்கியது. விரும்பாத பெற்றோரின் பிள்ளைகள் அந்நேரம் விலகியிருக்கலாம் எனவும் இடம் வைத்தது. 1869இல் பொதுப் போதனைப் பகுதி தோன்றி, மிஷன் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறை விரிவடைந்தது. அதன்பின் உபாத்தியாயரின் சம்பளத்தில் பொதுமக்களின் வரிப்பணம் கலந்தது. பிரார்த்தனை மட்டும் அந்தந்தச் சபையினுடையதாகவே இருந்தது. இங்கிலாந்திலும் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், வழிபாட்டைப் பள்ளி வேளையின் தொடக்கத்திலோ முடிவிலோ வைக்கவேண்டும், பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என விதித்தது. இத்தகைய ஏற்பாட்டையே மனச்சாட்சி விதி என்பர்.

யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இவ்விதியை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவரும், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் தாமே ஆசிரியராக இருந்தவருமான ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மகளிர் கல்லூரியையும் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உதயமாயிற்று. பிறர் பாடசாலையில் விலகி நிற்பதைவிடத் தமக்கெனப் பாடசாலை அமைப்பதே வழி என அவர்கள் கண்டனர்.

நிற்க. அவர்களுக்குக் காணி இருந்தது. நிதி சேர்க்க ஊர் இருந்தது. ஊவாத் தோட்டங்களில் நம் பாட்டனாருக்கு என்ன இருந்தது? குடியிருந்த லயமே துரையினுடையது. 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' (பெயரைச் சொல்ல நாக்கூசுகின்றது, ஆயினும் வரலாற்றுப் பெயரை மாற்றுதல் தகாது) துரைமாரின் ஆதரவோடு மலைநாட்டுத் தோட்டங்களுக்கு உபதேசிமாரை அனுப்பியது, பள்ளிகளும் நடத்தியது. எழுத்தறிவித்த அந்த நன்றியை மறத்தல் நமக்கு அழகன்று. பின்னர், 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரையிடமே ஒப்புவித்தது. படி அளப்பவரும் அவர். வேலை கொடுப்பவரும் அவர். பாடசாலைக்கு அதிகாரியும் அவரே!

இந்த நிலையில் மனச்சாட்சி விதி யாருக்குப் பயன்படும்? விடியுமுன் பிரட்டுக்கு ஓடி, கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் தாய், கைநாட்டு வைப்பவள், தன் பிள்ளையைப் பிரார்த்தனையிலிருந்து விலக்கும்படி துரையின் பாடசாலைக்கு மனு எழுதுவாளா? எழுதத் தெரியாதவருக்கும் எதிர்த்துப் பேச இயலாதவருக்கும், கேட்டுப் பெறவேண்டிய உரிமை உரிமையே அன்று என்பது நமது துணிபு.

காலம் மாறிற்று. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் கீழ்க் கொண்டுவந்தன. தோட்டப் பாடசாலைகளோ மேலும் பல ஆண்டுகள் காத்திருந்து, 1970களின் பிற்பகுதியிலேயே பெருமளவில் அரசாங்கப் பாடசாலைகளாயின. இன்று அங்கே நம்மவரே அதிபர், நம்மவரே ஆசிரியர். சரசுவதி படத்தின் முன் விளக்கேற்றித் தேவாரம் பாடுகின்றோம். வாணி விழா எடுக்கின்றோம். மகிழ்ச்சியே. ஆனால் அந்த வரிசையிலே கத்தோலிக்கப் பிள்ளையும் நிற்கின்றது. வேறு சபைப் பிள்ளையும், சில இடங்களில் முஸ்லிம் பிள்ளையும் நிற்கின்றன. சமய பாட வேளையில் அவரவர் தத்தம் வகுப்புக்குப் பிரிந்து போகலாம். காலைக் கூட்டத்தில் எங்கே போவது?

அமெரிக்காவில் இவ்வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. நியூயோர்க் மாநிலக் கல்வி அதிகாரிகள் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையை இயற்றிப் பாடசாலைகளுக்கு அளித்தனர். எந்தச் சபையின் பெயரும் அதில் இல்லை, விரும்பாதவர் பேசாதிருக்கலாம். அப்படியிருந்தும் அது அரசியலமைப்புக்கு மாறானது என 1962இல் நீதிமன்றம் தீர்த்தது. அரசின் அதிகாரமும் மதிப்பும் ஒரு நம்பிக்கையின் பின்னே நிற்கும்போது, சிறுபான்மையினர்மீது மறைமுக நெருக்குதல் உண்டாகும் என்பது நீதிபதிகள் கண்ட உண்மை. 2022இல் அதே நீதிமன்றம், விளையாட்டு முடிந்தபின் மைதானத்தில் தாமாக வணங்கிய பயிற்றுநர் ஒருவரின் பக்கம் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தல் நன்று. ஆசிரியர் தாம் வணங்குவது வேறு. மாணவரை வரிசையில் நிறுத்தித் தாம் முன்னின்று வணங்குவிப்பது வேறு. நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் அளிக்கின்றது. ஆசிரியருக்கும் அது உண்டு, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் உண்டு.

"பிரார்த்தனையின்றிப் பள்ளிக்கூடமா?" எனப் பெரியோர் வினவுவர். அவர்தம் கவலை நியாயமானதே. ஆயின் கோயில் நமது. மாதா கோயில் கத்தோலிக்கருடையது. தோட்டத்தில் அனைவருக்கும் பொதுவான கட்டடம் பாடசாலை ஒன்றே. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களையும் கோயிலையும் மூடியபோது, பாடசாலைக்குச் சென்றிருந்தமையாற் பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். வீடிழந்தோர் கொஸ்லந்தை ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயத்திலும் பூனாகலைப் பாடசாலையிலும் தங்கினர். அந்தக் கூரையின்கீழ் இடம் பெறுவதற்குச் சமயம் ஒரு தகுதியாக இருக்கவில்லை.

சென்ற விடுமுறையில் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கணிதம் கற்பிக்கச் சென்றோம். "தம்பி, இன்றைக்கு நீங்களே தேவாரம் பாடிப் பிள்ளைகளை வழிநடத்துங்கள்" என்றார் அதிபர். பாடினோம். பின்வரிசையில் ஒரு சிறுமி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். கழுத்துக் கயிற்றில் சிறு சிலுவை தெரிந்தது. அவளிடம் நாம் ஏதும் கேட்கவில்லை. மறுநாள் அதிபரிடம் சென்று, ஆசிரியர் எவரும் முன்னின்று பாடாமல், ஒரு நிமிடம் அனைவரும் மௌனமாக நின்று அவரவர் தெய்வத்தை நினைக்கச் செய்யலாமா என வினவினோம். அவர் சற்று யோசித்துவிட்டு, கோயில் கமிட்டிப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். விடுமுறை முடிந்து நாம் பஸ் ஏறும்வரை விடை வரவில்லை.