முற்றுப்பெறாத காவியமும் அதன் வழிநூலும்

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தின் தலையாய படைப்புக்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அரியொஸ்தோவின் 'பித்துற்ற ஒர்லாண்டோ' (1516), பிறிதொருவர் முடிக்காது விட்ட கதையின் தொடர்ச்சியாகும். மத்தேயோ மரியா பொயார்தோ 'காதலுற்ற ஒர்லாண்டோ' என்னும் மாயக்கதைக் காவியத்தின் முதலிரு பாகங்களை 1480களின் முற்பகுதியில் அச்சேற்றினார். மூன்றாம் பாகம் ஒன்பதாவது காண்டத்தோடு நின்றுவிட்டது. 1494 இல் பிரெஞ்சுப் படை இத்தாலியுட் புகுந்ததைக் குறிப்பிட்டுக் கதையை இடைநிறுத்திய பொயார்தோ, அவ்வாண்டு டிசம்பரிற் காலமானார்.

அரியொஸ்தோ எடுத்தாண்டவை சிறியனவல்ல. வீரரை அலைக்கழிக்கும் கீழைத்தேய இளவரசி அஞ்செலிக்கா, செருக்கு மிக்க ரொடொமொந்தே, அணிந்தவரை மாயத்தினின்று காக்கும் மோதிரம், காதலையும் வெறுப்பையும் ஊட்டும் இரு நீரூற்றுக்கள், ருஜ்ஜியேரோ - பிரடமாந்தே காதல் ஆகிய யாவும் பொயார்தோவிடமிருந்து வந்தவையே. பொயார்தோ இறுதியாகத் தொட்டு நிறுத்திய பியோர்தெஸ்பினாவின் கதையைக்கூட அரியொஸ்தோ இருபத்தைந்தாம் காண்டத்திற் கைக்கொள்கிறார். எனினும் காவியத்தில் ஓரிடத்திலேனும் பொயார்தோவின் பெயர் இல்லை.

இதனைத் திருட்டென்று கொள்ளலாமா? சார்ள்மேன் பேரரசனின் வீரர் பற்றிய கதைகள் நகரச் சதுக்கங்களிற் பாடுவோரின் பொதுச் சொத்தாக இருந்தவை. அரியொஸ்தோவுக்கு முன்னரே அகொஸ்தினி என்பாரும் பொயார்தோவின் காவியத்துக்குத் தொடர்ச்சி எழுதி வெளியிட்டார். மேலும், இரு கவிஞரும் பெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தை அண்டி வாழ்ந்தவர். ருஜ்ஜியேரோவை அக்குடும்பத்தின் மூதாதையாக்கும் பணியைப் பொயார்தோ தொடங்க, அரியொஸ்தோ நிறைவேற்றினார். கதையின் உரிமை கவிஞனிடமன்றி அரண்மனையிடமே இருந்தது எனின் மிகையாகாது.

முன்னோர் நூலைத் தழுவித் தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூல் என்பது எமது இலக்கண மரபு. அவ்வேறுபாட்டையே நாம் நோக்குதல் வேண்டும். பொயார்தோவிடத்துக் காதல் வீரனை மேம்படுத்துகிறது. அரியொஸ்தோவிடத்து அது அவனைப் பித்தனாக்குகிறது. மன்னர் பலர் தேடித் திரிந்த அஞ்செலிக்கா, ஈற்றில் மெதோரோ என்னும் எளிய காலாட்படை வீரனை மணக்கிறாள். இதனை அறிந்தே ஒர்லாண்டோ அறிவிழக்கிறான். பிரபுத்துவ வீரத்தின் மீது இதனினும் கூரிய எள்ளல் அக்காலத்தில் அரிது. 1532 இல் வெளிவந்த திருத்திய பதிப்பில், துப்பாக்கியைக் கைப்பற்றும் ஒர்லாண்டோ, கோழையையும் வீரனையும் சமமாக்கும் அக்கருவியைக் கடலில் எறியும் நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. கவிஞரை ஆதரித்த அல்பொன்சோ கோமகனோ பீரங்கி வார்ப்பதிற் பெயர்பெற்றவர். 1512 ரவென்னாப் போரில் அவருடைய பீரங்கிகள் பேரழிவை விளைத்தன. புரவலரைப் புகழ்ந்த அதே காவியத்தில் இவ்வெறுப்பும் இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது.

1876 இல் பியோ ராய்னா அரியொஸ்தோவின் மூலங்களைத் திரட்டிப் பெருநூலொன்று வெளியிட்டார். அது அரிய உழைப்பு. ஆயின் கடன்களை எண்ணிக் கவிஞனை எடைபோடுவது எமக்கு உடன்பாடன்று.

பொயார்தோவை மறக்கச் செய்தது அரியொஸ்தோ எடுத்தாண்டமை மட்டுமன்று. மொழித் தரப்படுத்தலுக்கு அதிற் பெரும்பங்குண்டு. பெம்போ 1525 இல் பழைய தொஸ்கானிய வழக்கையே இலக்கிய மொழியின் அளவுகோலாக வகுத்தார். அரியொஸ்தோ 1532 பதிப்பை அதற்கேற்பத் திருத்தினார். இறந்துபோன பொயார்தோவின் வட இத்தாலிய வழக்கோ கரடுமுரடானதெனத் தள்ளப்பட்டது. பேர்னி என்பவர் தொஸ்கானிய மொழியில் திருப்பி எழுதிய வடிவம் 1541 இல் வெளிவந்தது; இத்தகைய 'திருத்திய' வடிவங்களே மூலத்தின் இடத்தைப் பிடித்தன. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பொயார்தோவின் சொந்தச் சொற்கள் அச்சேறவில்லை.

அவற்றை 1830 முதல் இலண்டனில் மீண்டும் பதிப்பித்தவர் அந்தோனியோ பனிட்சி. பொயார்தோ ஆளுநராயிருந்த ரெஜியோ நகருக்கு அண்மையிற் பிறந்த இவர், மொடேனாக் கோமகனுக்கு எதிரான இரகசிய இயக்கத்திற் சேர்ந்து நாட்டைவிட்டு ஓடியவர். 1823 இல் இவருக்கு இவரில்லாமலே மரணதண்டனை விதிக்கப்பட்டது. அக்கோமகன் தாய்வழியில் எஸ்தே குடும்பத்தவன்.