கரும்பின் குலம்

பொங்கலுக்கு முந்திய வாரம். வரலாற்று வகுப்பு. அதியமானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொங்கின் வட கோடியிலே தகடூரை ஆண்ட அந்த அஞ்சியின் முன்னோர், தேவரைப் போற்றி வேள்வி செய்து, கிடைத்தற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றிலே புகழ்கிறார் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், கரும்பைக் கொண்டாந்தாங்கன்னா விதையாக் கொண்டாந்தாங்களா? கரும்புக்கு விதை இருக்குதுங்களா?"

வகுப்பு சிரித்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். "கரணையைத்தானடா நடுவாங்க, விதை ஏது?" என்று பக்கத்திலிருந்தவன் அவன் தலையிலே தட்டினான். நான் சிரிக்கவில்லை. காரணம் அறிவு அன்று, அறியாமை! நான் பெற்றது கலைப் பட்டம். விடை எனக்கும் தெரியாது. "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரமாயிற்று. ஆனால் அந்த மூன்று வாரத்திலே நான் கற்றது, கல்லூரியின் மூன்றாண்டிலே கல்லாதது. அதைத்தான் தோழர்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிரித்த பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். உலகமே நெடுங்காலம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. நியூ கினியாத் தீவிலே மனிதன் கையில் முதன்முதல் வளர்ந்து, கடல் கடந்து கண்டம் கடந்து பரவிய கரும்பை, எவரும் விதைத்ததில்லை. வெட்டினர், கரணை வைத்தனர், மீண்டும் வெட்டினர். கரும்பு பூக்கிறதே, அந்தப் பூவிலே விதை இருக்குமோ என்று கேட்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. 1858-இல் பார்படோஸ் தீவிலே தானே முளைத்த கரும்பு நாற்றுகளைக் கண்டு சொன்னவர் உண்டு. உலகம் காது கொடுக்கவில்லை. 1880-களின் இறுதியில், ஜாவாவில் சோல்ட்வெடல், பார்படோசில் ஹாரிசனும் போவலும், கரும்புப் பூவிலே முளைக்கும் விதை உண்டு என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய பிறகே நம்பிற்று. பல்லாயிரம் ஆண்டு வழக்கத்தைப் பஞ்சுபோன்ற ஒரு சிறு விதை பொய்யாக்கிவிட்டது!

விதை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். கரணை என்பது தாயின் நகல். தாய்க்குள்ள குணமே பிள்ளைக்கு; தாய்க்குள்ள குறையும் பிள்ளைக்கு. ஒரு நோய் தாயை வீழ்த்துமானால் வயல் முழுவதும் வீழும். விதை அப்படியன்று. இரு பெற்றோரின் குணங்கள் அதிலே கூடுகின்றன. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு புதுப் பயிர். ஆகவே, விதை கண்ட நாள்தான் கரும்பை மனிதன் திருத்தத் தொடங்கிய நாள்.

திருத்த வேண்டிய தேவையும் இருந்தது. பருத்த, சாறு நிறைந்த, மெல்ல மெல்ல இனிக்கும் கரும்பு இனம் ஒன்று உண்டு. ஜாவாவிலிருந்த டச்சுக்காரர் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? உயர்குடிக் கரும்பு! மனிதனைப் பிரித்துப் பிரித்துப் பழகிய நாக்கு, செடிக்கும் குலப் பட்டம் சூட்டிற்று. அந்த உயர்குடிக் கரும்பின் பெருமையோ நோய் வரும் வரைதான். ஜாவாவின் தோட்டங்களைச் செரே என்னும் நோய் அழித்தது. வேறு நாடுகளில் தேமல் நோயும் செவ்வழுகல் நோயும் தாக்கின. குளிர் வந்தால் வாடும்; வறட்சி வந்தால் சாயும். வடநாட்டிலே பயிரானது வேறினம்: ஒல்லியான தண்டு, குறைந்த சாறு, ஆனால் வெயிலையும் குளிரையும் தாங்கும். இந்த நாடு கரும்புக்குப் பெயர் பெற்ற நாடு. ஆயினும் ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கித் தின்ற நாடு!

இந்த நிலையில்தான் 1912-இல் கோவையிலே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. கரும்பு மிகுதியாக விளைந்தது வடக்கே. நிலையம் ஏன் தெற்கே? விடை அந்தப் பூவிலே இருக்கிறது. வடக்கின் குளிரில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை. மருதமலையைப் பார்த்து நிற்கும் இந்த மண்ணிலே அது பூக்கிறது, விதையும் தருகிறது. சென்னை மாநிலத்தின் தாவரவியல் அறிஞராயிருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாயிருந்து, பின்னர் அவர் இடத்துக்கு வந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன்.

அவர்கள் செய்த முதல் பெரும் செயலைக் கேளுங்கள். ஒரு பக்கம் 'வெள்ளை' என்று வழங்கிய உயர்குடிக் கரும்பு. மறு பக்கம்? ஆற்றங்கரையிலே, வாய்க்கால் வரப்பிலே, வேண்டாதவனாய் வளர்ந்து நிற்கும் நாணல்! பேய்க்கரும்பு என்று நம் மக்கள் ஒதுக்கிய புல்! இனிப்பு இல்லை, சதை இல்லை, உழவன் மண்வெட்டிக்கு ஓயாத பகை. அதிலும் கோவை வட்டாரத்து நாணலையே எடுத்தார்கள். உயர்குடியின் பூவிலே பேயின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். பிறந்த கரும்புகளிலே ஒன்று 1918-இல் பஞ்சாபின் வயலுக்குச் சென்றது. அதன் பெயர் கோ 205. அங்கிருந்த பழைய கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு விளைந்தது.

கோ என்றால் தமிழிலே அரசன். இங்கே கோ என்றால் கோயம்புத்தூர். அரசர்கள் போனார்கள், இந்தக் கோ நாடாண்டது! அடுத்து வந்த கரும்புகளில் வடநாட்டு ஒல்லிக் கரும்பின் இனமும் சேர்ந்தது. மூன்று குலம் ஒரே தண்டில். வட இந்திய வயல்களைக் கோவைக் கரும்பு நிரப்பியது. கோ 281, கோ 290 ஆகியவை கடல் கடந்து அமெரிக்காவின் லூசியானா வரை சென்றன. ஜாவாவில் நாணல் இரத்தம் கலந்து பிறந்த கரும்பையும் கோ 290-ஐயும் இணைத்துப் பிறந்த கோ 419, தென்னாட்டு வயல்களிலே நெடுநாள் கோலோச்சியது. 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் முப்பது சொச்சமாயிருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேலாயின. சட்டம் மட்டும் ஆலையை ஓட்டாது. அரைக்கக் கரும்பு வேண்டும். அந்தக் கரும்பைக் கொடுத்தது கோவை.

நாணல் என்ன கொடுத்தது? உறுதியான வேர், நோய் எதிர்க்கும் ஆற்றல், பஞ்சத்திலும் பிழைக்கும் பிடிவாதம். வெள்ளை என்ன கொடுத்தது? இனிப்பு. கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர்கள் கணக்கும் தருகிறார்கள். வெள்ளையினத்துக்கு 80; கோவை நாணலுக்கு 64; கோ 205-க்கு 112. தாய் தன் 80-ஐயும் முழுதாய்த் தர, தந்தை தன்னில் பாதியான 32-ஐத் தந்த விந்தை அது! இன்று உலகத்து ஆலைகளிலே அரைபடும் கரும்பிலே நாணலின் பங்கு இல்லாதது அரிது. உன் தேநீரிலே கரையும் சர்க்கரையிலே அந்தப் பேயின் வம்சம் இருக்கிறது, தோழனே!

அந்த நிலையத்தின் வரலாற்றிலே ஒரு பெண்ணின் பெயரும் ஒளி வீசுகிறது: ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். தீயர் சமூகம், கேரளத்துச் சாதி ஏணியிலே தொட்டால் தீட்டு என்று தள்ளி வைக்கப்பட்ட சமூகம். பெண் படிப்பதே அரிதாயிருந்த நாளில் சென்னையிலே படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்திலே 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோவையிலே கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலக்கச் செய்து காட்டினார். அந்தக் கலப்பு சந்தைக்கு வரவில்லை. ஆனால் ஓரினத்துக்கும் மற்றோரினத்துக்கும் இடையே உள்ள வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிய, வேலியருகே போய்ப் பார்க்கத்தானே வேண்டும்? பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை 1945-இல் வெளியிட்டார். ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பெண், ஒதுக்கப்பட்ட புல்லின் பெருமையை எண்ணிக் காட்டினார்!

இங்கே ஓர் எச்சரிக்கை. கரும்பைக் காட்டி மனிதனை அளக்க நான் வரவில்லை. செடிகள் இனம் வேறு. மனிதர் அனைவரும் ஓரினம். மனிதர் சமம் என்று நிலைநாட்டக் கரும்பின் சாட்சி நமக்குத் தேவையில்லை. இனக் கலப்பு, இனத் தூய்மை என்று மனிதரைக் கால்நடைபோல் கணக்கிட்ட ஐரோப்பியக் கொடுமையையும் உலகம் கண்டுவிட்டது. நான் சொல்வது வேறு. தூய குலம் உயர்ந்தது, கலப்பு இழிவு என்று தன் வாழ்வைக் கட்டிக்கொண்ட ஒரு சமுதாயம், தன் வயலிலே அதற்கு நேர்மாறான உண்மையை நட்டு, நீர் பாய்ச்சி, வெட்டி, ஆலைக்கு அனுப்பி, காசு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறதே, அந்த மறதியைத்தான் சொல்கிறேன்.

உடுமலையும் மடத்துக்குளமும் கரும்பு விளையும் மண். அந்த உடுமலைப்பேட்டையிலே, 2016 மார்ச் மாதம், பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலிலே, பலர் பார்க்க ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், சாதி கடந்து மணந்தது. கலப்புக் கரும்பை வரவேற்கும் ஊர். கலப்பு மணத்தை வெட்டிச் சாய்க்கும் ஊர்! வயலிலே விஞ்ஞானம், வாசலிலே வருணம். இந்த இரட்டை வாழ்வு எத்தனை நாளைக்கு?

விஞ்ஞானத்தையும் கும்பிட வேண்டாம். அதுவும் ஒரு மூட வழக்கமாகிவிடும். கோவை நிலையத்தின் கர்னால் கிளையிலே உருவாகி 2009-இல் வெளியான கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் கரும்பு வயல்களிலே பெரும்பகுதியைப் பிடித்தது. ஈடில்லாக் கரும்பு என்றார்கள். எங்கு நோக்கினும் அதுவே. செவ்வழுகல் அதையும் கண்டுபிடித்தது; வயல் வயலாய்த் தாக்கியது. உயர்குடிக் கரும்பு ஜாவாவிலே கற்ற பாடத்தை நாமே பெற்ற பிள்ளையும் கற்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியாளர் அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மாற்று இனங்களைத் தேடினார்கள். உலகெங்கிலுமிருந்து திரட்டிய கரும்பும் காட்டுப்புல்லும் கண்ணூரிலுள்ள கிளையிலே காக்கப்படுகின்றன, என்றோ ஒரு நாள் எதுவும் தேவைப்படும் என்று. எதையும் இழிவென்று எறிந்துவிடாத நெஞ்சம். நேற்றைய முடிவை இன்று திருத்திக்கொள்ள நாணாத நேர்மை. விஞ்ஞானத்திடம் நாம் கடன் வாங்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

மூன்று வாரம் கழித்து அந்த மாணவனை எழுப்பி நிறுத்தினேன். "உன் கேள்விக்கு விடை, உண்டு. உலகம் அதைக் கேட்கப் பல்லாயிரம் ஆண்டு பிடித்தது. நீ பன்னிரண்டு வயதிலே கேட்டுவிட்டாய்" என்றேன். தலையிலே தட்டியவன் தலை குனிந்தான். அவனையும் அருகே அழைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று பிள்ளைகளை நொய்யல் கரைக்குக் கூட்டிச் சென்றேன். வெண்பூ ஆடி நின்றது நாணல். கேள்வி கேட்டவன் ஒரு தண்டை ஒடித்துப் பல்லிலே கடித்தான், முகத்தைச் சுளித்தான்.

"இனிக்கவே இல்லைங்க, சார்!"

"இனிக்காது. தனியே நிற்கும் வரை இனிக்காது" என்றேன்.