விலைக்கு மீட்ட காடு: கலிபோர்னிய ரெட்வுட் மரங்களும் அறக்கொடையும்

கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரையை ஒட்டி, கோடையிலும் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியின் ஈரத்தை உண்டு வளரும் ரெட்வுட் மரங்கள் 300 அடிக்கு மேல் உயர்பவை. அவற்றுள் சில 2,000 ஆண்டுகளைக் கடந்தும் நிற்பவை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் பரந்திருந்த இக்காட்டில் கோடரி படாமல் எஞ்சியது சுமார் ஐந்து விழுக்காடே. 1849ஆம் ஆண்டின் தங்க வேட்டையை அடுத்துப் பெருகிய குடியேற்றம் மரத்தின் தேவையை உயர்த்தியது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கர் வரை, ஏக்கர் இரண்டரை டாலர் விலையில், அரசுக் காட்டை வாங்க இடமளித்தபோது, மர நிறுவனங்கள் பினாமிகளின் பெயரில் விண்ணப்பித்து மலைமலையாக நிலத்தைச் சேர்த்துக்கொண்டன. அரசு அற்ப விலைக்குக் கைவிட்ட காட்டைப் பின்னாளில் பெருவிலை கொடுத்து மீட்கும் பொறுப்பு அறக்கொடையாளர்கள்மேல் விழுந்ததன் பின்னணி இதுதான்.

இவ்வகைக் கொடைகளுள் பெரிதும் பேசப்பட்டது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே வில்லியம் கென்ட் 1905ஆம் ஆண்டில் 45,000 டாலருக்கு வாங்கிய 611 ஏக்கர் பள்ளத்தாக்கு ஆகும். அதில் அணை கட்டுவதற்காக ஒரு குடிநீர் நிறுவனம் நீதிமன்றத்தின் வழியே நிலத்தைக் கைப்பற்ற முனைந்தபோது, கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1908 ஜனவரி 9 அன்று அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். கொடையாளரின் பெயரைச் சூட்டலாம் என்ற யோசனையைக் கென்ட் ஏற்கவில்லை. இயற்கையியலாளர் ஜான் மியூரின் பெயரே அக்காட்டுக்கு நிலைத்தது.

தனியொருவரின் செல்வத்தை நம்பிய இம்முயற்சியை அமைப்பாக மாற்றியது 1918ஆம் ஆண்டில் தோன்றிய 'சேவ் த ரெட்வுட்ஸ் லீக்' என்னும் சங்கம். அதன் வழிமுறை எளியது: கொடையாளர் பணம் தருவார், சங்கம் மர நிறுவனத்திடம் பேரம் பேசித் தோப்பை வாங்கி மாநில அரசிடம் ஒப்படைக்கும், தோப்பு கொடையாளர் விரும்பியவரின் பெயரைத் தாங்கும். முதல் உலகப் போரில் உயிரிழந்த கர்னல் ரெய்னல் போலிங்கின் நினைவாக 1921ஆம் ஆண்டில் அமைந்த தோப்பு இவ்வரிசையில் முதலாவது. 1928ஆம் ஆண்டில் கலிபோர்னிய வாக்காளர்கள் பூங்கா நிலங்களுக்காக 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தனர். தனியார் கொடை ஒரு டாலர் வந்தால்தான் அரசின் ஒரு டாலர் வெளிவரும் என்ற நிபந்தனையால், சங்கம் திரட்டிய தொகையின் வலிமை இரட்டித்தது. ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவரின் 20 லட்சம் டாலரும் அரசின் பங்கும் சேர்ந்து, 1931ஆம் ஆண்டில் புல் கிரீக் என்னும் ஓடையின் கரையிலிருந்த பெருங்காட்டைப் பசிபிக் லம்பர் நிறுவனத்திடமிருந்து மீட்டன. சுமார் 10,000 ஏக்கர் கொண்ட அது இன்று ராக்ஃபெல்லர் காடு எனப்படுகிறது.

இக்கொடைகளின் பெருமையைக் குறைக்கவேண்டியதில்லை. ஆனால் வாங்கப்பட்டவை எவை என்பதைக் கவனிக்கவேண்டும். உயரமான மரங்கள் ஓடைக்கரையின் வண்டல் நிலத்தில் நின்றன, சாலையிலிருந்து பார்ப்போரைக் கவர்ந்தவையும் அவையே. எனவே பணம் கரையை நோக்கிச் சென்றது, ஓடைக்கு நீரையும் மண்ணையும் அனுப்பும் மேல்சரிவுகள் மர நிறுவனங்களிடமே தங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு கட்டும் வேகத்தில் புல் கிரீக்கின் மேல்சரிவுகள் டிராக்டர்களால் மொட்டையடிக்கப்பட்டன. 1955 டிசம்பரின் பெருமழையில் பிடிப்பிழந்த மண்ணும் சரளையும் வெட்டுக்கட்டைகளும் ஓடையை நிரப்ப, மேடாகிப்போன படுகையை விட்டு விலகிய நீர் கரைகளை அரித்தது. ரெட்வுட்டின் வேர் பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவுமேயன்றி ஆழம் செல்லாததால், அடிமண் கரைந்ததும் நூற்றுக்கணக்கான பெருமரங்கள் 1955, 1964 ஆகிய இரு வெள்ளங்களிலும் சாய்ந்தன. சட்டம் காத்த எல்லைக்குள், ஒரு கோடரியும் நுழையாமலே, அவை வீழ்ந்தன. அதன் பின்னரே அரசும் சங்கமும் மேல்சரிவை, வெட்டி முடித்த நிலம் என்று தெரிந்தே, துண்டுதுண்டாக வாங்கத் தொடங்கின. அழகில்லாத நிலத்துக்குக் கொடை கேட்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1978ஆம் ஆண்டில் ரெட்வுட் தேசியப் பூங்காவை விரிவாக்கியபோது சேர்க்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதியும் இத்தகைய வெட்டப்பட்ட சரிவே. அங்கு நெருக்கமாக முளைத்த இளமரங்கள் ஒளிக்காகப் போட்டியிட்டு மெலிந்து நின்றமையால், 2018ஆம் ஆண்டில் சங்கமும் தேசியப் பூங்காத் துறையும் மாநிலப் பூங்காத் துறையும் கூட்டாகத் தொடங்கிய திட்டத்தில் மரக்கலைப்பு, அதாவது சில மரங்களை வெட்டி மற்றவற்றுக்கு இடம் விடுவது, முதன்மை பெற்றது. பழைய லாரிப் பாதைகளைத் தோண்டிச் சரிவின் பழைய வடிவத்தை மீட்பதும் இதில் அடங்கும். மரம் வெட்டுவதைத் தடுக்கப் பிறந்த சங்கம் நூறு ஆண்டுகளில் வெட்டுவதற்கும் பணம் திரட்டவேண்டியதாயிற்று.

காடு யாருக்காகக் காக்கப்பட்டது என்ற கேள்வியும் சங்கத்தின் முன் நின்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான மேடிசன் கிரான்ட், வெள்ளை இன மேன்மையை வலியுறுத்தி 1916ஆம் ஆண்டில் நூல் எழுதியவர். அவருடைய நினைவுச்சின்னம் 2021ஆம் ஆண்டில் மாநிலப் பூங்கா ஒன்றிலிருந்து அகற்றப்பட்டது. 'தீண்டப்படாத காடு' என்று அக்காலத்தவர் போற்றிய இடங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் படுகொலைகளுக்கும் துரத்தல்களுக்கும் முன்புவரை சின்கியோன், யூரோக் முதலிய பழங்குடியினர் வாழ்ந்து பேணிய நிலங்களாகும். 2022ஆம் ஆண்டில் சங்கம் தான் வாங்கிய 523 ஏக்கரைப் பத்துப் பழங்குடிகளின் கூட்டமைப்பான இன்டர்டிரைபல் சின்கியோன் வனக் குழுவிடம் உரிமையோடு ஒப்படைத்தது. குழு அதற்குச் சூட்டிய பெயர் 'மீன் ஓடும் இடம்' என்று பொருள்படுவது. வணிக மரவெட்டலும் நிலத்தைத் துண்டாடலும் என்றைக்கும் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பத்திரத்திலேயே பதித்து, அதைக் கண்காணிக்கும் உரிமையை மட்டும் சங்கம் தன்னிடம் வைத்துக்கொண்டது. நிலத்தை வாங்கிய பணமோ கொடையாளரிடமிருந்து வந்ததன்று, தன் பணிகளால் நேரும் சூழல் இழப்புக்கு ஈடாக ஒரு மின்சார நிறுவனம் அளித்தது.