கொரிய ஒண்டோல் தரைவெப்ப முறையும் வீட்டமைப்பின் மாற்றமும்: ‘அறாத மரபு’ என்னும் கருத்து குறித்த மறுபார்வை

முன்னுரை

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கக் கையாளப்பட்ட முறைகளுள் தரைக்கடியில் வெப்பத்தைச் செலுத்தும் முறை மிகத் தொன்மையானது. உரோமர்கள் தம் நீராடு கூடங்களிலும் செல்வர் மாளிகைகளிலும் சிறு செங்கல் தூண்களின்மீது தரையை உயர்த்தி, அதன் அடியில் சூடான காற்றைச் செலுத்தினர். விட்ருவியஸ் தமது கட்டடக்கலை நூலில் இவ்வமைப்பை விளக்கியுள்ளார். மேற்கு உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப்பின் ஐரோப்பாவில் அம்முறை பெரும்பாலும் வழக்கொழிந்தது. கொரியத் தீபகற்பத்திலோ இன்று கட்டப்படும் அடுக்குமாடி வீட்டிலும் தரையே சூடாக்கப்படுகிறது. இதனைச் சான்றாகக் கொண்டு, ‘ஒண்டோல்’ எனப்படும் கொரியத் தரைவெப்ப முறையை ஈராயிரம் ஆண்டுகளாக அறாது வரும் மரபு என்று குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

இக்கூற்றை அப்படியே ஏற்பதில் சிக்கல் உள்ளது. தரையில் அமர்ந்து, தரையில் உண்டு, தரையில் உறங்கும் வழக்கம் தொடர்ந்து வந்துள்ளது. ஆனால் தரையைச் சூடாக்கிய கருவியும் எரிபொருளும் வீடும் பலமுறை மாறியுள்ளன. ஒரு வகை வீட்டுக்கென உருவான வெப்பமுறை வேறொரு வகை வீட்டிலோ, ஓர் எரிபொருளுக்கென அமைந்த தரை வேறோர் எரிபொருளுக்கோ பயன்படுத்தப்பட்டபோது அதற்கு விலை தரவேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்விலை மனித உயிராக இருந்தது. தொடர்ச்சியை மட்டும் பேசும் வரலாற்றில் இந்தப் பகுதி எளிதில் மறைந்துபோகிறது.

எளியோரின் தரை

தூமென் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஒக்சோ மக்களின் குழிவீடுகளில், சுவரையொட்டிச் செல்லும் ஒற்றைப் புகைவழி அகழாய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அறையின் ஒரு பகுதி மட்டுமே அதனால் சூடானது. கோகுர்யோ மக்களைப் பற்றிப் பத்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சீன நூலாகிய ‘பழைய தாங் வரலாறு’ தரும் குறிப்பு கவனத்திற்குரியது. அவர்களுள் வறியோர் பலர் என்று கூறிய அளவிலேயே, குளிர்காலத்தில் நீண்ட குழியமைத்து அதன் கீழ்த் தீமூட்டிக் குளிர்காயும் வழக்கத்தையும் அந்நூல் சொல்கிறது. ஆகவே, பிற்காலத்தில் நாட்டின் அடையாளமாகப் போற்றப்பட்ட ஒண்டோல், தன் தொடக்கத்தில் எளிய மக்களின் வழக்கமாக இருந்தது எனக் கருத இடமுண்டு.

முழு அறைக்கும் பரவிய பின்னை ஒண்டோலின் அமைப்பு வருமாறு. சமையற்கட்டிலுள்ள அடுப்புவாயில் மூட்டிய தீயின் சூடும் புகையும், தரைக்கடியில் வரிசையாக அமைந்த புகைவழிகள் ஊடாகச் சென்று மறுகோடியிலுள்ள புகைபோக்கி வழியே வெளியேறும். புகைவழிகளின்மேல் தட்டைக் கற்களைப் பரப்பி, களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த தாளை ஒட்டுவர். அடுப்புக்கு அருகே களிமண் தடிப்பாகவும் தொலைவில் மெல்லியதாகவும் இருக்கும். மறுகோடியில் தோண்டப்பட்ட ஆழமான பள்ளம் சாம்பலைத் தேக்குவதுடன் காற்று எதிர்த்து வீசாமலும் தடுக்கும். மாலையில் மூட்டிய தீ அணைந்த பின்னும் கற்கள் விடியும்வரை சூட்டைத் தக்கவைத்திருக்கும். சமைத்த தீயே அறையையும் சூடாக்கியது என்பதும் நோக்கத்தக்கது.

எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் அடுப்பை ஒட்டிய பகுதியே மிகுதியாகச் சூடேறும். அவ்விடம் வீட்டு முதியோருக்கும் விருந்தினருக்கும் உரியது. பிந்தி வீடு திரும்புவோருக்கான சோற்றுக் கிண்ணமும் அங்கேதான் போர்வைக்குள் வைக்கப்படும். வீட்டினரின் படிநிலையைத் தரையின் சூடே காட்டியது எனலாம்.

மரத்தரை வீட்டில் ஒண்டோல்

சோசொன் அரசின் தொடக்கத்தில் மேல்தட்டினர் வீடுகளில் ஒண்டோல் பொதுவான ஒன்றாக இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொங்கியுன்குவான் என்னும் அரசுக் கல்விக்கூடத்தின் விடுதியில் ஒண்டோல் அறை அமைக்கப்பட்டது, நோயுற்ற மாணவர்களுக்காகவே. பதினேழாம் நூற்றாண்டில், இஞ்சோ மன்னர் காலத்து அரசவைக் குறிப்பு ஒன்றில் முதியோர் நினைவு பதிவாகியுள்ளது: நூறாண்டுக்கு முன் உயர் அலுவலர்களின் பெரிய வீடுகளில்கூட ஒண்டோல் அறை ஒன்றிரண்டுதான், அவையும் முதியோருக்கும் நோயாளருக்கும் உரியவை, ஏனையோர் மரத்தரையில் திரையிட்டுப் பாய்விரித்து வாழ்ந்தனர் என்பது அதன் பொருள்.

எனவே பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது வேறு தரைகொண்ட வீடுகளுக்குள் ஒண்டோல் நுழைந்த நிகழ்வாகும். பதினேழாம் நூற்றாண்டின் கடுங்குளிரே இதற்குக் காரணம் என்பர். குளிர் தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆயினும் மேற்குறித்த அரசவைப் பேச்சு குளிரைவிட விறகுச் செலவைப் பற்றியே கவலைப்படுகிறது. வசதி ஒரு படிநிலையிலிருந்து அடுத்ததற்குப் பரவுவதை அது காட்டுகிறது என்பதே என் கருத்து. இக்கலப்பின் விளைவாகக் குளிர்காலத்துக்கு ஒண்டோல் அறை, கோடைக்கு ‘மாரு’ எனப்படும் மரத்தரைக் கூடம் என்னும் இரட்டை அமைப்பு கொரிய மரபு வீடாகிய ஹனோக்கில் நிலைபெற்றது. விலையை மலைகள் தந்தன. பைன் மரங்களை வெட்டத் தடைவிதித்தும் பிற்காலச் சோசொனில் காடழிவு தொடர்ந்தது.

பழைய தரையும் புதிய எரிபொருளும்

கொரியப் போருக்குப்பின் காடுகளைக் காக்கும் பொருட்டு நகரங்களுக்குள் விறகு வருவது கட்டுப்படுத்தப்பட்டது. அதன் இடத்தைத் துளையிட்ட உருளைவடிவக் கரிக்கட்டியாகிய ‘யொன்தான்’ பிடித்தது. இல்லத்தரசிகளுக்கு இது ஒருவகை விடுதலை. விறகு பிளக்கவும் அடுப்பருகே காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு கட்டி பல மணிநேரம் எரியும். அணைவதற்குள் அடுத்ததை வைத்தால் போதும். நள்ளிரவிலும் எழுந்து கட்டி மாற்றுவது பெண்களின் வேலையாயிற்று என்பதை விடுதலை பற்றிப் பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

சிக்கல் தரையில் இருந்தது. விறகுத் தீ குறுகிய நேரத்தில் வலிமையாக எரியும். அதன் இழுவிசை புகையைப் புகைவழிகளின் ஊடே வெளியே தள்ளும். தீ அணைந்த பின்னரே வீட்டார் உறங்குவர். யொன்தான் இரவு முழுதும் மெதுவாகக் கனன்றது. அதன் இழுவிசை குறைவு. காற்றழுத்தம் தாழ்ந்த நாள்களில் புகைபோக்கி சரியாக இயங்காது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு தரையடியில் தேங்கி, களிமண் வெடிப்புகளின் வழியே உறங்குவோரின் அறைக்குள் கசிந்தது. விறகுக் காலத்தில் வெடிப்பு இருந்தால் புகை கண்ணைக் கரித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். புதிய எரிபொருள் அந்த எச்சரிக்கையைத் தரவில்லை.

1950களிலிருந்து 1980கள்வரை குளிர்காலச் செய்தித்தாள்களில் யொன்தான் நச்சு மரணங்கள் வழக்கமான செய்தியாயின. நஞ்சேறியவருக்கு முள்ளங்கி ஊறுநீர் கொடுப்பது வீட்டு மருத்துவமாக இருந்தது. மருத்துவமனைகள் உயரழுத்த ஆக்சிஜன் கலங்களை நிறுவின. பழைய வீடுகளிலும் மலிவான வாடகை அறைகளிலும் வெடித்த தரைமீது உறங்கியவர்களே இதற்கு மிகுதியும் ஆளாயினர். தரையை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றியதன் விளைவு இது. இதனை விபத்துகளின் வரலாறு என்று ஒதுக்காமல் ஒண்டோல் வரலாற்றின் உட்பகுதியாகவே கொள்ள வேண்டும்.

தீயிலிருந்து பிரிந்த தரை

தீர்வு தீயைத் தரையிலிருந்து பிரித்ததில் கிடைத்தது. தரைக்கடியில் குழாய் பதிக்கும் கருத்து கொரியாவுக்கு வெளியேயும் வளர்ந்திருந்தது. டோக்கியோவில் ஒகுரா கிஹாசிரோவின் இல்லத்தில் கொரிய அறை ஒன்றின் வெப்பத்தை உணர்ந்ததாக அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அவர் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசனில் 1937இல் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தில் கான்கிரீட் தளத்தின் கீழ்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. 1947 முதல் நியூயார்க் அருகே எழுந்த லெவிட்டவுன் வீடுகளில் தளத்துக்குள்ளேயே செப்புக் குழாய்கள் புதைக்கப்பட்டன. காலப்போக்கில் அவை அரித்துக் கசிந்தபோது, தளத்தை உடைக்க விரும்பாத பலர் தரைக் குழாய்களைக் கைவிட்டுச் சுவரோர வெப்பமூட்டிகளுக்கு மாறினர். புதைத்த குழாயின் ஆயுளும் வீட்டின் ஆயுளும் ஒன்றல்ல என்பதை அவ்வீடுகள் உணர்த்தின.

சியோலில் 1964இல் முடிந்த மாப்போ குடியிருப்பு, ஆறு மாடிகளும் 642 வீடுகளும் கொண்டது. மைய வெப்பமூட்டலும் மின்தூக்கியும் முதலில் திட்டமிடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டன. வீடுதோறும் யொன்தானே எரிந்தது. கரிக்கட்டியால் நீரைச் சூடாக்கித் தரைக் குழாய்களில் சுழலவிடும் கொதிகலன் 1970களில் பரவியது. நெகிழிக் குழாய்களும் நகர எரிவாயுவும் வந்தபின் எந்த மாடியிலும் தரையைச் சூடாக்க முடிந்தது. தரை முழுவதும் ஒரே அளவு சூடானதால் முதியோருக்குரிய வெப்பமான இடமும் இல்லாமற்போயிற்று.

பழைய ஹனோக்குகளைப் புதுப்பிப்போர் இன்று பெரும்பாலும் புகைவழிகளை மூடிக் குழாய் பதிக்கின்றனர். 2018இல் தென்கொரிய அரசு ‘ஒண்டோல் பண்பாட்டை’த் தேசியப் புலனாகா மரபுச் செல்வமாக அறிவித்தபோது, தனிப்பட்ட கலைஞரையோ குழுவையோ அதன் உரிமையாளராக ஏற்கவில்லை, வாழ்முறையையே மரபாகக் கொண்டது. கற்தரையும் நெகிழிக் குழாயும் ஒரே பெயருக்குள் அடங்க இதனால் இடம் கிடைத்தது. அதே நாட்டில், நகர எரிவாயு எட்டாத மலைச்சரிவுக் குடியிருப்புகளில் தனித்து வாழும் முதியோர் இன்றும் யொன்தானையே எரிக்கின்றனர். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் தன்னார்வலர்கள் வரிசையாக நின்று, ஏறத்தாழ 3.6 கிலோ எடையுள்ள அக்கட்டிகளைக் கைமாற்றி அவர்கள் வீட்டு வாசலில் அடுக்குகின்றனர்.